வடக்குப் பலகைக்குப் பின்னால்

1

இந்தக் கதை ஒரு காற்றில் பிறந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைமேல், நாங்கள் தோண்டிய குழியின் அடியில் ஒரு கல்லைப் புரட்டினோம். உள்ளிருந்து குளிர்காற்று முகத்தில் அறைந்தது. காற்று வந்தால் கீழே குகை. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் வீண்போகவில்லை. 

முதலில் 'நான்' என்று எழுதினேன். நாலே வரியில் யோக்கியனாகிவிட்டேன். அடித்துவிட்டு, அந்த 'நானு'க்கு ஏமஸ் என்று பெயர் வைத்தேன். இனி ஓரளவு நம்பலாம்.

2

ஏமஸ் குழியின் விளிம்பில் நின்று வானத்தை... (வேண்டாம். அவன் வானத்தைப் பார்க்கிற ஆள் இல்லை.)

குழி முப்பத்தைந்து அடி. மண் சரியாமல் இருக்க நாலு பக்கமும் இரும்புச் சட்டம், அதன் பின்னால் பலகை. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே கல்லை இறுக்கி நிரப்ப வேண்டும்.* இடைவெளி விட்டால் மண் என்றைக்காவது நகரும்.

அடிச் சட்டத்தின் வடக்குப் பக்கம் ஏமஸின் பொறுப்பு. அவன் நிரப்பவில்லை. கல் போட்டால் காற்று அடைபடும் என்று பயந்தான் என எழுதியிருந்தேன். பொய். அவசரம்.

(*தட்டினால் தெரியும். நிரப்பிய பலகை 'டக்', காலிப் பலகை 'டொம்'. அன்றைக்கு யாரும் தட்டவில்லை.)

3

கடைசிச் சட்டத்தைப் பூட்டியவர்தான் குகைக்குள் முதலில் போக வேண்டும். எங்கள் வழக்கம் அது. பூட்டியவள் ஹெட்டி, இறைச்சிக் கடைக்காரி, ஐம்பத்தெட்டு வயது. ஏமஸுக்கு வயிற்றெரிச்சல்.

மறுநாளிலிருந்து ஆடுகள் குட்டி போடும் காலம். குழி இருக்கும் தன் வயலில் ஜூன் வரை யாரும் கால் வைக்கக் கூடாது என்று பண்ணைக்காரர் ஆல்டர்சன் சொல்லியிருந்தார். கல் இறக்கி நிரப்ப ஒரு முழு நாள் வேண்டும். ஏமஸ் வாயைத் திறந்தால் இன்றைக்குக் குகை கிடையாது.

"என்ன கிழவா, மூஞ்சி திரிஞ்ச பால் மாதிரி இருக்கு?" என்றாள் ஹெட்டி. "உனக்கும் கொஞ்சம் குகை மிச்சம் வெச்சிட்டு வரேன்."

"செத்த நில்லு, ஹெட்டி."

"மூணு வருஷமா நின்னாச்சுப்பா."

4

ஒரு முடிவு: அவன் சொல்லிவிடுகிறான், அவள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள், குகை ஜூன் வரை காத்திருக்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. அதனாலேயே நான் நம்பவில்லை.

இன்னொன்று: அவன் சொல்லவில்லை, ஒன்றும் ஆகவில்லை. கீழே தேவாலயம் அளவு கூடம், ஹெட்டியின் கூச்சல் மேலே கேட்கிறது. இதை எழுதத்தான் கை துடிக்கிறது.

மூன்றாவது: வடக்குப் பலகை மெல்ல

எழுத மாட்டேன்.

5

ஹெட்டி ஏணியில் இறங்கிக்கொண்டிருக்கிறாள். இருபதாவது படி. வடக்குப் பலகைக்கு இன்னும் பத்துப் படி. மேலே ஏமஸ் வாயைப் பாதி திறந்தபடி நிற்கிறான். அவனை எழுபது வருடமாக எனக்குத் தெரியும், அவனை நம்பி இந்தக் கதையை விட முடியாது.

விஷயம் இப்போது உங்களுக்கும் தெரியும். குரல் கொடுங்கள்.