ஹோலில் வைத்த கொம்பியூட்டர்

எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொல்வதில்லை. வீடு பார்க்க வருவதாகத்தான் சொல்வார்கள். சொல்வதிலாவது ஒரு நேர்மை இருக்கிறது. வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், கக்கூசுக்குக் கதவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அன்றைக்கு வீட்டுக்குள் என்னென்ன சாமான் கிடக்கிறதோ அதெல்லாம் வீட்டோடு சேர்த்தி. அதனால் கவனமான ஆட்கள் இரவல் மேசையைக்கூட முதல் நாளே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். என் உம்மாவும் கவனமான ஆள்தான். அன்றைக்கு மட்டும் பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

அது எண்பத்தாறாம் ஆண்டு. என் அண்ணன் ஜெமீல் காக்கா தம்மாமிலிருந்து கணக்கு முடித்துக்கொண்டு எங்கள் ஊர் சாய்ந்தமருதுக்கு வந்திருந்தார். வாப்பா மௌத்தான பிறகு சவூதிக்குப் போனவர். முதலில் உழைத்தது என் அக்கா சுபைறா ராத்தாவின் வீட்டுக்குப் போனது, பிறகு உழைத்தது எனக்கென்று கட்டிய இந்த வீட்டுக்கு. இரண்டு வீட்டைக் கட்டியும் அவர் படுக்க ஒரு வீடில்லை. கலியாணமும் இல்லை. முன்தலையில் முடி கொட்டிவிட்டது. வெயில் ஏறினால் மூக்கால் இரத்தம் வரும். அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. தலையணை உறை துவைக்கும்போது நானாகக் கண்டுபிடித்தேன்.

"இனிப் போகமாட்டன் நதீரா," என்றார். "அங்க ஸ்டோர்ல கொம்பியூட்டர்லதான் சாமான் கணக்கு பாத்தன். ஒண்ட வாங்கிக் கல்முனையில போட்டா இஞ்சயே பொழைக்கலாம்."

நான் கல்முனையில் ஒரு டைப்பிங் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு என்ன அடிக்கத் தேவை என்பது எனக்குத் தெரியும். வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் பயோடேட்டா, மில்காரர்களின் கணக்கு, சங்கத்துச் சம்பளப் பட்டியல். ஒரு எழுத்துப் பிழைத்தால் முழுத்தாளையும் கிழித்துப் போட்டு மறுபடி அடித்து என் விரல் மரத்துப் போயிருந்தது. கொம்பியூட்டர் என்றதும் எனக்கும் ஆசை வந்தது. காக்கா கொழும்புக் கடைகளில் வாங்கி வந்த விலைத்தாள்களைக் குசினி மேசையில் பரப்பினோம்.

மலிவானது ஒன்று இருந்தது. தட்டச்சுப் பலகை மாதிரி ஒரு சின்னச் சாமான், டி.வி.யில் கொழுவி, பாட்டுக் கேட்கிற கசட்டிலிருந்துதான் அதற்கு வேலையை ஏற்ற வேண்டும்.

"இது சின்னப் பிள்ளையள் விளையாடுறது," என்றார் காக்கா. "ஒரு பயோடேட்டாவ ஏத்தி எடுக்கிறத்துக்குள்ள வந்தவன் தேத்தண்ணி குடிச்சிட்டு எழும்பிப் போயிருவான்."

"அப்ப இந்தப் பெரிசு?"

"அது உள்ளுக்கே எல்லாத்தையும் பதிஞ்சி வெச்சிக்கிரும். கலர் வேற. நம்மட கைக்கு எட்டாது. எட்டினாலும் கலர் என்னத்துக்கு? நெல்லு மூட்டைக் கணக்குக்குக் கலர் வேணுமா?"

நடுவில் இருந்ததை எடுப்பது என்று முடிவானது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வரும். பிளொப்பித் தட்டுப் போட இரண்டு வாய். ஒன்றில் வேலைத் தட்டு, மற்றதில் நாங்கள் அடிப்பதைப் பதிகிற தட்டு. கலருக்குப் போகிற காசை மிச்சம் பிடித்து ஒரு பிரிண்டரும், கரண்ட் ஏறி இறங்குவதைத் தாங்குகிற ஸ்டெபிலைசரும் எடுக்கலாம் என்று நான் சொன்னேன். பக்கத்தில் மில் ஓடத் தொடங்கினால் எங்கள் வீட்டு பல்ப் சிவந்து போகும். காக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். தம்மாமிலிருந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கொழும்புக்கு அரிசி ஏற்றிப் போன லொறியில் ஏறிப் போனார். திரும்பி வரும்போது லொறி வெறுமை. ஆனாலும் பெட்டிகளைப் பின்னால் போடாமல் முன் சீட்டில் வைத்துத் தான் மட்டும் பின்னால் குந்திக்கொண்டு வந்தார். வழி நெடுக ஆமிச் சோதனை. ஒவ்வொரு இடத்திலும் இறக்கி, திறந்து காட்டி, மறுபடி கட்டி ஏற்றியிருக்கிறார்.

கல்முனையில் பேசி வைத்த கடையறை உடனே கிடைக்கவில்லை. பிரச்சினை நேரம், பாதிக் கடை பூட்டு. பெட்டிகள் எங்கள் அறையிலேயே இருந்தன. அந்தக் கிழமைதான் உம்மாவின் தம்பி அச்சிமுகம்மது மாமா ஒரு கலியாணம் பேசிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை பளீல், ஒரு கந்தோரில் கிளாக்கர். மாமாவின் பேச்சைக் கேட்டால் நாட்டையே பளீல்தான் நடத்துகிறார் என்று நினைக்க வேண்டியிருக்கும்.

அவர்கள் வீடு பார்க்க வந்த அன்று காக்கா கடையறைக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தார். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், ஹோலின் நடுவில் கொம்பியூட்டர். கீழே பூவேலை செய்த மேசை விரிப்பு, மேலே பிளாஸ்டிக் பூச்சாடி.

"உம்மா, அத உள்ளுக்கு வைங்க. அது காக்காட பொழப்பு."

"பாக்கட்டும் புள்ள. ஊருக்குள்ள ஆருட்ட இரிக்கி இப்பிடி ஒண்டு? என்ட மகன் வெறுங்கையோட வரல்ல எண்டு தெரியட்டும்."

நான் பூச்சாடியைத் தூக்கும்போதே வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் லைலா சுவரைத் தட்டவில்லை, கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. நேரே அதனிடம் போய் விரலால் தடவினார்.

"இதும் புள்ளைக்கா?" என்று கேட்டார்.

"ஓம் ஓம்," என்றார் மாமா, வெற்றிலையை மென்றுகொண்டு. "எல்லாம் நதீராவுக்குத்தான்."

அவ்வளவுதான். சபையில் சொன்ன சொல். காக்கா கையெல்லாம் சுண்ணாம்போடு வீட்டுக்கு வந்தபோது உம்மா அழுதுகொண்டிருந்தார். மாமா மட்டும் நல்லாகத் தின்றுவிட்டுச் சாய்ந்திருந்தார்.

"ஒரு பெட்டிக்காக நல்ல இடத்த விடச் சொல்றியா?" என்று காக்காவைத்தான் அவர் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் வெற்றிலை துப்பிய படிக்கத்தை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும்.

காக்கா பளீலிடம் நேரே போய்க் கதைத்தார். பளீல் தோளில் கை போட்டு நல்ல மாதிரித்தான் கதைத்தாராம். "அது எங்க மச்சான் போகப் போகுது? உங்கட தங்கச்சிட வீட்டுலதானே இரிக்கப் போகுது. கொஞ்ச நாள் போகட்டும், ரெண்டு பேரும் சேந்து செய்வம்." அந்தக் கொஞ்ச நாளில் காக்கா எதைச் சாப்பிடுவது என்பதை இருவரும் கதைக்கவில்லை. மிச்சக் காசு கலியாணத்துக்குப் போனது. வெள்ளையடித்த கடையறையைக் காக்கா திருப்பிக் கொடுத்தார். மறுபடி சவூதிக்குப் போகக் கொழும்பில் ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போர்ட்டும் கொடுத்தாயிற்று.

வாப்பா இல்லாததால் என் காவினில், அதாவது கலியாண ஒப்பந்தத்தில், எனக்காகக் கையெழுத்து வைக்க வேண்டிய வலிகாரர் காக்காதான். காவின் அன்று என் சம்மதம் கேட்க அவர் அறைக்குள் வந்தார். வெளியே பள்ளிவாசல் லெப்பையும் மாப்பிள்ளையும் காத்திருந்தார்கள்.

"பளீலுக்கு ஒன்னக் கட்டிக் குடுக்க எனக்கிச் சம்மதம் தாறியா?"

"தரமாட்டன்," என்றேன். "அந்தச் சாமான எடுத்துக்கிட்டுப் போங்க. நான் இரிக்கிற மாதிரியே இரிந்திட்டுப் போறன். டைப்பிங் இரிக்கி எனக்கி."

காக்கா கதவைச் சாத்தினார். பக்கத்தில் வந்து குந்தினார்.

"இது கொழம்பினா நீ சும்மா இரிப்பாய், ஊர் சும்மா இரிக்குமா? உம்மா இரிப்பாவா? மறுகா இன்னொருத்தன் வருவான். அவன் மோட்டச் சைக்கிள் கேப்பான், காணி கேப்பான். அதுக்கும் நான்தானே போகணும். இதோட முடியட்டும் நதீரா. ஒரு தரம் போய்ட்டு வந்தா முடிஞ்சிரும்."

அவருடைய மூக்குக்குக் கீழே மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தது. என் முந்தானையால் துடைத்துவிட்டேன். பிறகு ஓம் என்றேன். அவர் எழுந்து வெளியே போய்க் கையெழுத்து வைத்தார்.

அந்த மாதமே காக்கா போனார். பளீல் ஒரு நாள் மாலை கந்தோரால் வந்து அதற்கு முன்னால் குந்தினார். நான் தட்டைப் போட்டு, பச்சை எழுத்தில் அவர் பெயரை வரவைத்துக் காட்டினேன்.

"கலர் இல்லயா?" என்று கேட்டார்.

"இல்ல."

"படம் ஒண்டும் வராதா?"

"இது கணக்குப் பாக்க, டைப் அடிக்க."

"அத நான் கந்தோர்லயே செய்றன்தானே," என்றார்.

நான் அதை வைத்து வீட்டிலேயே வகுப்பு நடத்துகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். கண்ட ஆம்பிளைகளும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றேன். யோசிப்பம் என்றார். யோசித்தது என்னவோ வேறு. நான் டைப்பிங் வகுப்புக்குப் போயிருந்த ஒரு நாள் கூட்டாளிமாருடன் வேன் பிடித்து அதை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மட்டக்களப்பில் யாரோ ஒருவருக்கு அது தேவைப்பட்டதாம். பதிலுக்கு ஒரு கலர் டி.வி.யும் படக் கசட் போடுகிற டெக்கும் வந்தன. அதே மேசை, அதே விரிப்பு. எனக்குத் தந்ததை நான் மாற்றினேன் என்றார். வீடு என்னுடையது என்று சொன்னேன். டி.வி.யும் ஒன்னுடையதுதான் என்று சிரித்தார். வயிறெரிந்து நான் சொன்னவை எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

காக்காவுக்கு யாரும் அறிவிக்கவில்லை. உம்மா அறிவிக்க விடவில்லை. அவர் ஆறுதலாக உழைக்கட்டும் என்றார்.

நோன்புக்கு முன் தம்மாமிலிருந்து லீவில் வந்த மருதமுனை ஆள் ஒருவர் காக்கா பேசிப் பதிந்த கசட் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அறையில் இருந்து கேட்டேன். எல்லாருக்கும் சலாம் சொன்னார். வெயில் குறைவு என்று பொய் சொன்னார். பிறகு குரல் மாறி, கொஞ்சம் உற்சாகமாக வந்தது.

"நதீரா, நம்மட பக்கம் உப்புக் காத்து. கிழமைக்கு ஒருக்காலாவது அதப் போட்டு எடு. பேசாமக் கெடந்தாப் பழுதாப் போயிரும். இஞ்ச புதுசா ஒரு கணக்குத் தட்டு படிச்சிக்கிட்டு வாறன். வந்த உடன கடையறைய எடுப்பம். பளீல் மச்சானும் ஓமெண்டாரே. நீ பதில் பதியக்குள்ள அந்த பிரிண்டரையும் ஒருக்கா ஓட விடு புள்ள. அதுர சத்தம் கேக்க ஆசையா இரிக்கி."

மருதமுனை ஆள் வெள்ளிக்கிழமை மாலை திரும்புவதாகச் சொல்லியிருந்தார். ஜும்ஆ முடிந்து பளீலும் கூட்டாளிமாரும் வந்து ஹோலில் படம் போட்டார்கள். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரெக்கோடரை மடியில் வைத்தேன்.

"காக்கா, சாமான் நல்லா இரிக்கி," என்றேன். "கெழமைக்கு ஒருக்காப் போட்டு எடுக்கிறன். பிரிண்டர ஓட விட்டிரிப்பன். இண்டைக்கி எங்களுக்குக் கரண்ட் இல்ல."

சொல்லி வாய் மூடவில்லை. ஹோலில் படத்தில் பாட்டுத் தொடங்கியது. யாரோ டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்கள். சுவரே அதிர்ந்தது. பளீல் கூடச் சேர்ந்து பாடினார். பாட்டு முடியும்வரை நான் பேசவில்லை, நிறுத்தவும் இல்லை. அந்தப் பாட்டையும் பதிந்துகொண்டு கசட் ஓடிக்கொண்டே இருந்தது.

அழித்துவிட்டு மறுபடி பதிய நேரம் இருந்தது. நான் பதியவில்லை. கசட்டை வெளியே எடுத்து, ஜெமீல், தம்மாம் என்று எழுதி, முக்காட்டைப் போட்டுக்கொண்டு நானே கொண்டுபோய் அந்த ஆளின் கையில் கொடுத்தேன்.