வெர்லின் அடைத்த ஊற்று

நெவாடா பாலையில் இருக்கும் எங்கள் பண்ணையில் தரையில் முதல் ஓட்டையைப் போட்டவர் என் அப்பா. புல்லுக்குப் பாய்ச்சத் தண்ணீர் தேடினார்; பீச்சியடித்தது கொதிநீர். திட்டித் தீர்த்துவிட்டு அப்படியே விட்டார். பல வருஷம் கழித்து, அந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்கிறோம் என்று ஒரு கம்பெனி பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை போட்டது. சூடு போதவில்லையாம். அரைகுறையாக மூடிவிட்டுப் போனார்கள். அந்த மூடியைப் பிய்த்துக்கொண்டு கொதிநீர் கிளம்பியது. அப்பாவின் ஊற்று அன்றோடு நின்றது. அடியில் இருப்பது ஒரே தண்ணீர், எப்படியும் வழி தேடும் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

என் கணவன் வெர்லினுக்குப் புரியவில்லை. இந்தப் புது ஊற்றை வேடிக்கை பார்க்க அத்துமீறி வருகிறவர்கள் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போவார்கள். போன மாதம் நெடுஞ்சாலைக்குப் போன இரண்டு பசுக்கள் லாரியில் அடிபட்டுச் செத்தன. அன்று பிடித்த வெறி. முந்தாநாள் இரண்டு லாரி கான்கிரீட்டைக் கொட்டி ஊற்றின் வாயை அடைத்துவிட்டான்.

இன்று மத்தியானம் சமையலறைக் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தது. பம்பைப் பார்க்க வெர்லின், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றுக் குழிக்குள் ஏணி வைத்து இறங்கினான். நான் உருளைக்கிழங்கு கழுவக் குழாயடியில் கையை நீட்டினேன். சுட்டது. எங்கள் வீட்டுப் பச்சைத் தண்ணீர்! குழிக்கு ஓடினேன்.

"வெர்லின், மேல வா! தண்ணி கொதிக்குது!"

"அடைச்சதுலேர்ந்து இதே பாட்டுதான். ஊத்துக்கு ஒப்பாரி வைக்கணும்னா உள்ள போயி வை."

"குழாயத் தொட்டுப் பாரு!"

"பம்பு ஓடுனா சூடாத்தான் இருக்கும். அந்த ஸ்பேனரப் போடு."

என் உள்ளங்காலில் தரை அதிர்ந்தது. கெஞ்சினால் இன்னும் பத்து நிமிஷம் வாதாடுவான். இந்த மனுஷனோடு பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவள் நான்.

"சரி, நீ அங்கயே இரு. எவனோ கேட்டத் திறந்துபோட்டுட்டான். மாடு பூரா ரோட்டுக்குப் போவுது."

இரண்டிரண்டு படியாக ஏறி வந்தான். என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கேட் சாத்தியிருந்தது. சங்கிலியும் போட்டிருந்தது. மாடுகள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. சிவந்த முகத்தோடு திரும்பினான்.

"பொய்யா சொன்ன?"

பதில் சொல்வதற்குள் வெடித்தது. ஏணி கூரைக்கு மேலே பறந்தது. அவன் நின்றிருந்த குழியிலிருந்து, வீட்டைவிட உயரமாகக் கொதிநீர் எழுந்தது.

நான் அழுதுவிட்டேன்.

"அடைச்சத உடைச்சிருவோம், நேடீன்," என்றான் வெர்லின்.

சொல்லிவிட்டு, கேட்டுச் சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.