சும்மா புடிச்சுக்கிட்டுதானே நிக்கிறே?

மூன்றாவது மாடியை விட்டு அந்த இரும்பு பீரோ கிளம்பியபோது கட்டடமே ஒரு அங்குலம் நிமிர்ந்தது. அத்தனை கனம். கீழ்ப்பக்கத்தைத் தாங்கியவன், 'ஒல்லி' என்று எல்லோரும் கூப்பிடும் சுமைதூக்கும் ஆள். மேல்பக்கம் அவன் மச்சான். அவர்களுக்கு இரண்டு படி கீழே, பின்பக்கமாக இறங்கியபடி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தவர், வீடு மாற்றும் துணிக்கடை மேனேஜர். அவர் கடையில் விற்பனைப் பெண்கள் உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. "சும்மா நிக்கறதுல என்னம்மா கஷ்டம்?" என்பார்.

முதல் திருப்பத்தில் மச்சான் கேட்டான். "ஒரு நிமிஷம் கீழ வச்சுட்டுப் போலாமா சார்?"

"ஏத்தும்போது கேட்டா நியாயம். இறங்கறப்போ எதுக்குய்யா ரெஸ்ட்டு? பாதி வேலைய பூமியே பாத்துக்குது!"

இரண்டாவது திருப்பத்தில் பீரோவின் மூலை புதுப் பெயின்ட் சுவரை உரசப் போனது. "நிறுத்து! அப்படியே புடி!" என்று மேனேஜர் அலற, அந்த நேரம் பார்த்து அவர் மனைவி புது வீட்டிலிருந்து போன் செய்தார். பீரோவை எந்தச் சுவரோரம் வைப்பது என்று ஒரு மகா யுத்தம் தொடங்கியது.

"ஜன்னலோரமா? வேணாம்... கதவோரம்? அதுவும் வேணாம்..."

ஒல்லியின் முன்கையில் நரம்பு கயிறாகப் புடைத்தது. வேர்வை மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கக் கை இல்லை.

"சார், கை நடுங்குது. வச்சிடறேன்."

"டைல்ஸ் கீறிடும்ப்பா! சும்மா புடிச்சுக்கிட்டுதானே நிக்கிறே?"

"மச்சான்... விரல் சொன்னபடி கேக்கலடா!"

பீரோ அரைச் சாண் நழுவியது. நேர் கீழே மேனேஜரின் தொந்தி. அவர் போனைக் கீழே போட்டுவிட்டு இரு கைகளாலும் முட்டுக்கொடுத்தார். மனைவியின் குரல் மட்டும் தனியாகப் படிகளில் உருண்டு போனது.

"விட்றாதீங்க சார்! விட்டா மூணு பேரும் காலி!"

மேனேஜர் விடவில்லை. பார்த்தால் சிலை, தோளுக்குள்ளோ அடுப்பு. பத்து விநாடியில் கை எரிந்தது. இருபதில் வெடவெடத்தது. முப்பதில் முன்பிறவியே ஞாபகம் வந்துவிட்டது.

"வைங்கடாப்பா! டைல்ஸ் நாசமாப் போகட்டும்!"

மூச்சு வந்ததும் ஒல்லி சொன்னான். "எனக்குக் கைவலி வந்தப்போ பிசியோதெரபி அம்மா சொன்னாங்க சார். மாத்தி மாத்தித் தூக்கறப்போ சதை இறுகும், தளரும், நடுவுல ரத்தம் ஓடும். அசையாம இறுக்கிப் புடிச்சா ரத்தம் சரியா ஓடாது, சீக்கிரம் சோந்துடும். இறக்கறப்போ சதை நீண்டுக்கிட்டே பிரேக் போடும். அந்த வலி இப்போ தெரியாது. நாளன்னைக்குப் பாருங்க!"

மிச்சப் படிகளில் மேனேஜரும் தோள்கொடுத்தார், திருப்பத்துக்குத் திருப்பம் இறக்கி வைத்து.

மூன்றாம் நாள், கடை மாடிப்படியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நண்டுபோலப் பக்கவாட்டில் இறங்கினார். கவுன்டருக்குப் பின்னால் ஒரு பெண் இடக்காலிலிருந்து வலக்காலுக்கு மாறி நின்றாள். பதினோரு வருடமாகத் தினமும் கண்ணெதிரே நடந்தது. அன்றுதான் கண்ணில் பட்டது.

கிடங்கிலிருந்து ஆறு ஸ்டூல்கள் வந்தன. முதலில் உட்கார்ந்து காட்டியவர் அவரே. எழுப்பி நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

"உக்காந்தா திட்டுவீங்களே சார்?"

"உக்காருங்கம்மா. அசையாம நிக்கறதும் உழைப்புதான். வேர்வை வெளியில தெரிஞ்சாத்தான் வேலைன்னு நெனச்ச மடையன் நான். அடுத்தவங்க கஷ்டத்தை அளக்கறதுக்கு முன்னாடி, அதை அரை நிமிஷமாவது நாமளும் தாங்கிப் பாக்கணும்."