அமாவாசைச் சூரியக் காற்று

சூரியனிலிருந்து ஓயாமல் கிளம்பும் மின்துகள்கள் பூமியின் காந்தப்புலத்தில் வந்து மோதுகின்றன. அதற்குச் சூரியக் காற்று என்று பெயர். அந்த மோதலை அளக்க, எழுபதுகளின் நடுவில் சங்ககிரிக்கு வெளியே ஒரு குடிசை போட்டார்கள். பக்கத்தில் இரும்பு இருந்தால் காந்தமானியின் அளவு பிசகும் என்று இரும்பு ஆணிகூட அடிக்காத குடிசை. பொறுப்பு, ஆராய்ச்சி மாணவன் கந்தப்பனுக்கு. பெல்ட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவான்.

சென்னையிலிருந்த பேராசிரியர், கருவி கோடு கிழித்த காகிதச் சுருள்களை அவன் அனுப்ப, அவற்றில் ஒரு மகத்தான உண்மையைக் கண்டார். அமாவாசைக்கு அமாவாசை கோடு துள்ளுகிறது! சூரியக் காற்றை நிலவு வளைக்கிறதாம். விளைவுக்குத் தன் பெயரையே சூட்டினார். அடக்கமானவர், இனிஷியலை விட்டுவிட்டார். ஜெர்மனிக்குப் போய்க் கட்டுரை வாசித்தார். திரும்பியதும் பொன்னாடை. கந்தப்பனின் டாக்டர் பட்டமும் அந்தத் துள்ளலின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

அப்பா செத்ததிலிருந்து அமாவாசை என்றால் கந்தப்பன் விரதத்துக்கு ஊருக்குப் போய்விடுவான். ஒருமுறை பஸ் ஸ்ட்ரைக். வேறு வழியின்றிக் குடிசைக்கு வந்தான். வேலியை ஒட்டிய முனியப்பன் கோயில் முன்னால் லாரிகள் வரிசைகட்டி நின்றன. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழங்கள்.

“ஏனுங்க, எத்தன நாளா இப்படி?” என்றான், லாரிக்காரர் பெரியசாமியிடம்.

“எங்கப்பன் காலத்துல இருந்துங்க. அமாவாசைன்னா வண்டி சாமி முன்னால நிக்கோணும்.”

“அடுத்த அமாவாசைக்கு மட்டும் தள்ளி, ரோட்டுல நிறுத்துங்கண்ணா. ஆராய்ச்சிக்கு இரும்பு ஆவாதுங்க.”

“எங்களுக்குச் சோறே அதுலதானுங்களே!” என்று சிரித்தார். “செரி சாமி, நிறுத்திக்கறோம்.”

அடுத்த அமாவாசைக்குக் கோடு அசையவேயில்லை. சுருளோடு சென்னைக்குப் போய் லாரிக் கதையைச் சொன்னான்.

“ஜெர்மன்காரன் ஒத்துக்கிட்டத சங்ககிரி லாரி ரத்து பண்ணுமாப்பா?” என்றார் பேராசிரியர். “இந்த மாசம் சூரியன் அமைதியா இருந்திருக்கு. அவ்வளவுதான்.”

“சார், லாரி இல்லாததாலதான்…”

“உன் ஆய்வேடு மூணு வருஷமா என் மேஜைமேலயே கிடக்கு. அடுத்த அமாவாசைச் சுருளப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன். சூரியன் உன்னைக் கைவிடாது.”

ஊரில் பெண் தர வந்தவர்கள், மாப்பிள்ளை இன்னும் படிக்கிறாரா என்று கேட்டு எழுந்துபோய்க்கொண்டிருந்தார்கள். வயது முப்பத்தொன்று.

மறுநாளே பெரியசாமியைத் தேடிப் போனான்.

“அண்ணா, வர்ற அமாவாசைக்கு வண்டிகளப் பழைய எடத்துலயே உட்ருங்க.”

“ஆராய்ச்சி முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சுதுங்க” என்றான் கந்தப்பன். “தோது இருந்தா, இன்னும் ரெண்டு வண்டி சேத்தியே கொண்டாங்க.”