குறைக்கப்பட்ட இரண்டு மணி நேரம்

மார்ச் மாதம் பதினான்காம் நாள், நம் நகரத்திலிருந்து கடலுக்கு அப்பாலுள்ள பெருநகரத்துக்கான பதினொரு மணி நேர விமானப் பயணம், ஒரே விளம்பரத்தால் ஒன்பது மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. தூரம் ஒரு முழமும் சுருங்கவில்லை. விமானமும் பழைய விமானமே. குறைத்த இரண்டு மணி நேரத்தை, இறங்கும் பயணிக்காக எவர் மிகுதியாகக் காத்திருக்கிறாரோ அவருடைய ஆயுளிலிருந்து நிறுவனம் எடுத்துக்கொண்டது. இந்நகரத்தின் புகார் இதுவே.

தொடக்கத்தில் எவரும் இதைப் பொருட்படுத்தவில்லை. சக்கரங்கள் தரையைத் தொட்டதும், பால் குடித்து உறங்கிய குழந்தைகள் வருகைக் கூடத்தில் பசியோடு வீறிட்டன.

“என்னய்யா, இப்பத்தான் வாங்கினேன், டீ பச்சத்தண்ணியா இருக்கு?”

“நீங்க வாங்கி ரெண்டு மணி நேரமாச்சு சார். பிளேன் எறங்கிடுச்சுல்ல” என்றார் கூடத்துத் தேநீர்க் கடைக்காரர். மறுமாதமே அவர் தேநீரைக் கைவிட்டு பிஸ்கட் மட்டும் விற்றார். இரண்டு மணி நேரம்தானே, ஒரு சினிமா பார்த்ததாக இருக்கட்டும் என்று ஊரும் வாயை மூடிக்கொண்டது. வெட்கக்கேடு.

எங்கள் தெருவில் பூட்டுத் திறந்து கொடுக்கும் முதியவர் ஒருவர் படுக்கையில் விழுந்தபோது, அவருடைய மூத்த மகள், கடலுக்கு அப்பால் வேலை பார்த்த தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, “எது சீக்கிரம் வருதோ அதுல ஏறி வாடி” என்றாள். பதற்றத்தில் சொன்ன சொல். தங்கை ஏறிய பிறகே அது எந்த விமானம் என்பது மூத்தவளுக்கு உறைத்தது. அந்தி சாயும்வரை தாங்குவார் என்றார் மருத்துவர்; இளையவள் இறங்கி வீடு வந்து சேர அது போதும், தந்தை காத்திருக்காவிட்டால். அந்த இரண்டு மணி நேரத்தைத் தன் ஆயுளிலிருந்தே கொடுத்துவிட மூத்தவள் முடிவு செய்தாள்.

“அப்பா, சின்னவளுக்கு டிக்கெட் கெடைக்கலையாம். அடுத்த வாரந்தான் வர்றாளாம். நீங்க தூங்குங்க.”

அவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். “அப்போ அவ ரூம் ஜன்னலை ஏன் தொடச்சு வச்சிருக்க? நாப்பது வருஷமா பூட்டு தொறந்தவன்டி நான். என்கிட்டயே பூட்டுறியா?”

“காத்திருக்காதீங்கப்பா. கெஞ்சிக் கேக்குறேன்.”

“அது என் கையிலயா இருக்கு?”

மூத்தவள் வாசலில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, அவரைவிட அதிகமாகக் காத்திருக்க முயன்றாள். முடியவில்லை. விமானம் இறங்கிய கணத்தில் இரண்டு மணி நேரமும் ஒரே மூச்சாக அவரைவிட்டு வெளியேறியது. இளையவள் வந்து தொட்டபோது, தந்தையின் கை நெடுநேரத்துக்கு முன்பே குளிர்ந்திருந்தது. பெண்கள் இருவரும் நிறுவனத்தில் முறையிட்டபோது, விமானம் குறித்த நேரத்தில் தரையிறங்கியது என்ற ஒரே வாக்கியத்தில் பதில் வந்தது. அதில் வருத்தம் என்னும் சொல்கூட இல்லை.

பின்னர் நகரம் பழகிக்கொண்டது. முதியோரிடம் எவருடைய வருகையையும் சொல்வதில்லை. சொல்லாததனாலேயே அவர்கள் நாள்தோறும் காத்திருக்கிறார்கள். வருகைக் கூடத்தில் இப்போது ஆள் இல்லை. விமானங்கள் நேரம் தவறுவதும் இல்லை.

வாசகரே, தூரத்தை எவரேனும் பறந்தே தீர வேண்டும். அடுத்த முறை பயணச்சீட்டு வாங்கும்போது பதினொரு மணி நேரத்தையும் கேட்டு வாங்குங்கள். அவ்வளவையும் நீங்களே பறந்து வாருங்கள். வீட்டில் படுத்திருப்பவரின் தலையில் அதைக் கட்டாதீர்கள்.