நான்காவது பத்தி

முதல் கூட்டம் உள்ளே வரப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் ஜோதிமணி அந்தத் தாளை முழுதாகப் படித்தாள். மண்டி மொஹல்லாவின் நாடக அரங்கு பதினொரு வருடம் கரிந்து கிடந்து, ஊரார் நன்கொடையில் மறுபடி எழுந்திருந்தது. இன்று திறப்பு விழா. அவள் அரங்கை நடத்தும் சபாவின் அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கிறவள்தான். ஆனால் தமிழும் கன்னடமும் தடங்கலில்லாமல் வரும் என்பதால், அரங்கைப் பார்க்க வரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதன் வரலாற்றை மேடையில் வாசிக்க அவளைப் போட்டிருந்தார்கள். நான்காவது பத்தியில் இருந்தது: 'விளக்குப் பணியாளர் சிவகுமாரின் கவனக்குறைவால் தீப்பிடித்தது.'

சிவகுமார் அவள் புருஷன்.

செயலாளர் கிருஷ்ணஸ்வாமியிடம் ஓடினாள். "சார், இந்த வரிய எடுத்துரலாங்களா? வயரு கருகுதுன்னு அவரு மூணு தடவ உங்ககிட்டச் சொன்னாருங்க. அவருக்குக் கொண்டாந்த சோத்துப்போசியோட நானும் பக்கத்துலதான நின்னேன்."

அவர் கோபப்படவில்லை. "விசாரணையில இதை நீ சொல்லலையேம்மா. கமிட்டி பாஸ் பண்ணினது. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. உன் பர்மனென்ட் ஆர்டர் வேற என் மேஜைமேல இருக்கு."

சொல்லவில்லைதான். சிவகுமாருக்கு வேலை போனபோது, வாயைத் திறக்காமலிருந்தால் உனக்கு ஒரு வேலை உண்டு என்றார்கள் சபாக்காரர்கள். மகள் சுசித்ரா அப்போது மூன்றாம் வகுப்பு. சொந்த ஊரான கோபிநத்தத்துக்குத் திரும்பிப்போனால் அவள் படிப்பு என்னாகும்? ஜோதிமணி வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று சிவகுமார் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையோடு தீர்ந்திருக்கும்.

மேடையேறி நிமிர்ந்தபோது கடைசி வரிசையில் அவன் உட்கார்ந்திருந்தான். வருகிறேன் என்று சொல்லவேயில்லை. இஸ்திரி போட்ட சட்டை.

வாசித்தாள். நான்காவது பத்தி வந்தது. முதலில் தமிழில், பிறகு கன்னடத்தில், அவன் பெயரை இரண்டு முறை சொன்னாள். குரல் நடுங்கவேயில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்தது.

சிவகுமார் எழுந்திருக்கவில்லை.

அடுத்து பள்ளிப் பிள்ளைகள். கடைசி வரிசைக்குள் நுழைந்த சிறுமி ஒருத்தி, "அங்கிள், ஜாகா பிடி" என்று கன்னடத்தில் வழி கேட்டாள். அவன் முழங்கால்களை ஒருபக்கமாக ஒதுக்கி வழிவிட்டான். ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் அவனைக் கடந்து போயின. அவன் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜோதிமணி மறுபடி வாசிக்க மைக்கை ஆன் செய்தாள்.