பத்தாவது கையெழுத்து

பாண்டித்துரைக்கு எல்லையில்கூட இப்படித் தலை சுற்றியதில்லை. அங்கே எதிரி அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம்; குழப்பத்துக்கு இடமே கிடையாது. திருப்பூரில் யார் எந்தப் பக்கம் என்பது ஒரு வாரமாக அலைந்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவி நாகஜோதி பனியன் கம்பெனியில் டெய்லர். இவர் துப்பாக்கி தூக்கிய காலமெல்லாம் அவள் லைன் வீட்டில் தனியாக மகளை வளர்த்து, கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கவும் சேர்த்துவிட்டிருந்தாள். வந்தவர் சும்மா இருக்கவில்லை. குழாயடியில் பெண்கள் குடத்தோடு முட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, விசில் ஊதி வரிசையில் நிற்க வைத்தார். சண்டை நின்றது. "பேசாம எம்.எல்.ஏ.வுக்கு நின்னுருங்கண்ணே" என்று டீக்கடையில் யாரோ சொல்ல, நாலு பேர் கைதட்டினார்கள். சொன்னவர்கள் டீயைக் குடித்ததும் மறந்துவிட்டார்கள். இவர் மறக்கவில்லை. சுயேச்சையாக நிற்கப்போவதாக வீட்டில் போய்ச் சொன்னார். நாகஜோதி "ம்" என்றாள். அதைச் சம்மதமாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

சுயேச்சை என்றால் அந்தத் தொகுதியில் ஓட்டுள்ள பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். பத்துப் பேர்தானே என்று அலட்சியமாகத்தான் கிளம்பினார். அங்கேதான் சனியன் பிடித்தது. இவருடைய இந்தியைக் கேட்டு 'சாப், சாப்' என்று சுற்றிக்கொண்ட பையன்களுக்கெல்லாம் ஓட்டு பீகாரில். மதுரை, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் பிழைப்பை இங்கே வைத்துக்கொண்டு ஓட்டை ஊரில் பத்திரமாக வைத்திருந்தார்கள். தேர்தலென்றால் திருவிழாவுக்குப் போவதுபோல் குடும்பத்தோடு பஸ் ஏறிவிடுவார்களாம். உள்ளூர்க்காரர்களோ, "அதுக்கென்னங்க, போட்டர்லாமுங்க" என்று நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார்கள். மறுநாள் போனால் ஆள் அவிநாசிக்குப் போயிருப்பார். முடியாது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. இவர்கள் நமக்கு ஆதரவா இல்லையா என்று யோசித்து யோசித்தே அவருக்குத் தூக்கம் போயிற்று.

எப்படியோ ஒன்பது பேர் தேறினார்கள். பத்தாவது நாகஜோதி. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மனுத்தாக்கல் செய்யக் கடைசி நாள். மூன்று மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். "ஒரு வேலை இருக்கு, லீவு சொல்லிட்டு வா" என்று நாகஜோதியை அழைத்து வந்திருந்தார். தேர்தல் ஆபீசுக்கு எதிரே சுப்பண்ணன் டீக்கடை பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு கட்டிங் மாஸ்டர் சகாயராஜ், ஒவ்வொரு பெயரையும் போனில் வாக்காளர் பட்டியலோடு சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மதினி பேரு இந்தத் தொகுதியில காட்ட மாட்டேங்கு."

"நல்லாப் பாருடா."

"அவரு பாத்தது சரிதான்" என்றாள் நாகஜோதி. "எனக்கு ஓட்டு இளையான்குடிப் பக்கம், நம்ம ஊர்ல இருக்கு."

பாண்டித்துரை எட்டிப் போனைப் பார்த்தார். ஓய்வு பெற்று வந்ததும் தன் ஓட்டை முதல் வேலையாக இந்த முகவரிக்கு மாற்றியவர் அவர். பதினாறு வருடமாக இங்கே இருப்பவளின் ஓட்டு வேறெங்கே போகும் என்று நினைத்திருந்தார்.

"ஏன்டி சொல்லல?"

"நீங்க கேட்டீகளா?"

"நிக்கப் போறேன்னு சொன்னப்ப 'ம்'னு சொன்னியே!"

"நிக்கப் போறேன்னு சொன்னீக. நிக்கட்டுமான்னா கேட்டீக?" அவள் சத்தம் போடவில்லை. அதுதான் அவரை அதிகம் கலக்கியது. "நீங்க வந்ததும் ஊருக்குப் போயிருவோம்னுதான் இத்தன வருசமும் மிஷின்ல உக்காந்துருந்தேன். ஒரு கட்டில் கூட வாங்கல, அங்க போய் வாங்கிக்கலாம்னு. நீங்க வந்தீக. விசில் ஊதுனீக. எம்.எல்.ஏ.ன்னீக. இனிமே இங்கதானா, ஊரான்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

சகாயராஜ் போனைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. சுப்பண்ணன்தான் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க மிலிட்டரி, நேரமாச்சுங்க. ஒரு கையெழுத்துத்தானுங்களே? எனக்கு இந்தத் தொகுதிதானுங்க. கொண்டாங்க, நான் போடறனுங்க."

எந்தச் சொல்லுக்காக அவர் வாசல் வாசலாக ஏறி இறங்கினாரோ, அது கேட்காமலே வந்துவிட்டது. சுப்பண்ணன் பேனாவைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டார். காகிதத்தை நீட்டிவிட்டு ஓட வேண்டியதுதான் பாக்கி.

பாண்டித்துரை காகிதத்தை நீட்டவில்லை. வெட்கமாக இருந்தது. தெருத்தெருவாகப் போய், உங்களுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள் என்று கேட்டவர் அவர். ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டார்.

"ஜோதி, உனக்கு எங்க இருக்கணும்? ஊர்லயா, இங்கயா?"

"ஊர்ல..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பதில் நாக்கு நுனியில் இருந்திருக்க வேண்டும்; ஆனால் இல்லை. அவளுக்கே அது திகைப்பாக இருந்தது.

"அங்க இப்ப நமக்கு யாரு இருக்கா?" என்றாள் மெதுவாக. "ஊருக்குப் போகணும் போகணும்னே இருந்துட்டேன். எனக்கு எங்க பிடிக்குதுன்னு நெனச்சே பாக்கல. தெரியலையேங்க. செத்த இருங்க, யோசிச்சுச் சொல்றேன்."

"அண்ணே, மணி ஆயிட்டு! போலீஸ்காரரு கேட்டுல கைய வச்சுட்டாரு!"

"இருடா" என்றார் பாண்டித்துரை, மனைவி பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபடி. "அவ யோசிக்கிறால்ல."